முட்டையிடும் காலத்தில் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவின் தென்பகுதி ஏரிகளில் மே மாதம் வெயில் ஏறியதும் கரையோர ஆழமில்லாத் தண்ணீரில் பெரிய பாஸ் மீன்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ரொறன்ரோவிலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் சிம்கோ ஏரிக்கும் ரைஸ் ஏரிக்கும் கோல் தூக்கிக்கொண்டு போகும் நம்மவர்கள் பலருக்கும் அப்போது வரும் சந்தேகங்களுக்கான பதில்கள் இவை. லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் ஆகிய இரண்டு பாஸ் இனங்களையும் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

பாஸ் எப்போது முட்டையிடும்?

நாட்காட்டியைவிடத் தண்ணீரின் சூட்டை நம்புங்கள். தண்ணீர் 15 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது ஆண் மீன் கரைப்பக்கம் வந்து கூடு போட ஆரம்பிக்கும். 15 முதல் 20 டிகிரிக்குள் பெரும்பாலான முட்டையிடல் நடந்துவிடும். தென் ஒன்ராறியோவில் இது ஏறக்குறைய மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை. குஞ்சைக் காக்கும் வேலை அதன் பிறகும் சில வாரங்கள் நீளும். ஆழம் குறைந்த, சேறும் பாசியும் உள்ள குடாக்கள் சீக்கிரம் சூடாகும். பாறையடி கொண்ட ஆழமான ஏரிகள் பிந்தும். ஆகவே ஒரே வாரத்தில் ஓர் ஏரியில் எல்லாம் முடிந்திருக்கும், பக்கத்து ஏரியில் அப்போதுதான் ஆரம்பித்திருக்கும்.

கூட்டில் உண்மையில் என்ன நடக்கிறது?

ஆண் மீன் வாலால் அடித்து அடித்துச் சேற்றையும் தூசியையும் ஒதுக்கி, வட்டமான ஒரு பள்ளம் செய்யும். குறுக்களவு அரை மீற்றரிலிருந்து ஒரு மீற்றர் வரை இருக்கும். ஸ்மால்மவுத் சரளைக்கல் தரையை விரும்பும். பெரும்பாலும் ஒரு பாறையையோ விழுந்த மரத்தையோ ஒட்டிப் போடும். லார்ஜ்மவுத் நாணல், அல்லி, படகுத்துறைக் கால்கள் இருக்கும் இடங்களில் போடும். பெண் வந்து சில ஆயிரம் முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடும். அதன் பங்கு அத்தோடு சரி.

பிறகு எல்லாப் பொறுப்பும் ஆணுக்கு. துடுப்பை அசைத்து முட்டைகளின்மேல் நீரோட்டம் கொடுக்கும். அது இல்லாவிட்டால் சேறு படிந்து, பூஞ்சை பிடித்து முட்டை கெடும். தண்ணீரின் சூட்டைப் பொறுத்துச் சில நாட்களில் குஞ்சு பொரியும். பொரிந்த குஞ்சு உடனே நீந்தாது. வயிற்றில் உள்ள மஞ்சள்கரு தீரும்வரை கல்லிடுக்கில் கிடக்கும். அதன்பின் கூட்டமாக மேலே எழும். ஸ்மால்மவுத் குஞ்சுகள் அந்தக் கட்டத்தில் கரிக்கட்டைபோல் கறுப்பாக இருக்கும். அவை தாமாகப் பிழைத்துக்கொள்ளும் வரை ஆண் கூடவே சுற்றும். இத்தனை நாளும் அது சரியாகச் சாப்பிடுவதில்லை; உடம்பில் சேர்த்து வைத்திருந்த கொழுப்பில்தான் உயிரோடு இருக்கிறது.

பிடித்து, உடனே விட்டுவிடுகிறேன். மீன் உயிரோடுதானே போகிறது, என்ன கெடுதல்?

மீன் பிழைத்துவிடும், உண்மைதான். அழிவது கூடு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது இதுதான்.

காவல் ஆண் கூட்டின்மேல் நிற்கும்போதே சுற்றிலும் பார்த்தால் தெரியும்: ஒன்றிரண்டு மீற்றர் தள்ளி நீலச்செவுள் சன்ஃபிஷ், பூசணிவிதை சன்ஃபிஷ், ராக் பாஸ், பெர்ச் எல்லாம் காத்திருக்கும். ஒன்று மெல்ல முன்னே வரும், ஆண் பாய்ந்து விரட்டும், அது பின்வாங்கும், மறுபக்கம் இன்னொன்று வரும். நாள் முழுக்க இதேதான். அந்த ஆண் தூண்டிலில் மாட்டி மேலே போன கணத்திலேயே முதல் சன்ஃபிஷ் கூட்டுக்குள் தலையைக் கவிழ்த்துவிடும். ஒன்று தின்னத் தொடங்கினால் மற்றவை அதைப் பார்த்துக் குவியும். ஈரி ஏரியில் இந்த வேலையைச் செய்வது கருங்கடல், காஸ்பியன் பகுதிகளிலிருந்து கப்பல்கள் நிலையாக மிதக்க ஏற்றும் நீரோடு வந்துசேர்ந்த வட்டக் கோபி என்ற சிறு மீன். அந்த ஏரியின் பாஸ் தீவுகள் பக்கம் காவல் ஆணைத் தற்காலிகமாக அகற்றிப் பார்த்த ஆய்வில், சில நிமிடங்களுக்குள் கோபிகள் கூட்டில் புகுந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் விழுங்கின. 2004-இல் அது வெளியானது.

விடுவித்த ஆண் உடனே கூட்டுக்குத் திரும்பினால் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் களைத்துப் போகும்வரை இழுத்து விளையாடப்பட்ட மீன் பக்கத்துப் பாறையடியில் போய் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும். சீக்கிரம் கரையேற்றி விட்ட மீனைவிட அது திரும்பப் பல மடங்கு நேரம் ஆகும். திரும்பிய பின்னும் முன்போல் ஆவேசமாக விரட்டாது. கூட்டில் மிஞ்சியிருப்பது மிகக் குறைவென்றால் ஆண் அதைக் கைவிட்டுவிடும். அது சோம்பல் அல்ல. சில நூறு குஞ்சுக்காக மூன்று வாரம் பட்டினி கிடப்பதைவிட, தின்று உடம்பைத் தேற்றி அடுத்த ஆண்டு பார்ப்பது அதற்கு மேல். கைவிடப்பட்ட கூட்டில் மிச்சம் இருப்பதும் அன்றைக்கே போய்விடும்.

மறுபடி கூடு போடாதா?

சீக்கிரமே இழந்தால் சில ஆண்கள் போடும். ஆனால் வடக்கில் கோடை குட்டையானது. பிந்திப் பொரிந்த குஞ்சு குளிர்காலத்துக்கு முன் போதுமான அளவு வளராது. பனிக்கட்டிக்கு அடியில் மாதக்கணக்கில் இரையில்லாமல் தாக்குப்பிடிக்க உடம்பில் கொழுப்பு வேண்டும். சின்னக் குஞ்சுகள்தான் முதலில் சாகும். ஆகவே மே கடைசியில் இழந்த கூட்டை ஜூன் கடைசியில் போட்ட கூடு ஈடுசெய்வதில்லை.

சாப்பிடாத மீன் ஏன் இரையைக் கடிக்கிறது?

பசியால் அல்ல, விரட்டத்தான். கூட்டுக்குள் விழுந்த எதையும் வாயால் கவ்வி வெளியே கொண்டுபோய்த் துப்புவது காவல் ஆணின் வழக்கம். அந்தக் கவ்வலில்தான் முள் ஏறுகிறது. ரப்பர் பல்லி, டியூப் (குழாய் வடிவ ரப்பர் இரை), நடுவில் முள் குத்திய ரப்பர் புழு ஆகியவற்றைக் கூட்டில் போட்டு லேசாக ஆட்டினால் கிட்டத்தட்ட எந்த ஆணும் கடிக்கும். விட்ட மீன் சற்று நேரத்தில் மறுபடியும் கடிக்கும். இதில் தூண்டில்காரரின் திறமைக்கு அதிக வேலை இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூட்டில் முட்டை அதிகமாக இருந்தால் ஆணின் ஆவேசமும் அதிகம். ஆகவே முதலில் மாட்டுவது ஏரியின் மிக நல்ல தகப்பன்கள். இல்லினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரியில் 1970-களில் தொடங்கிய நீண்ட ஆய்வு ஒன்றில், எளிதில் மாட்டும் லார்ஜ்மவுத்தையும் எளிதில் மாட்டாததையும் தனித்தனியே பிரித்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். மாட்டும் குணம் பரம்பரையாக இறங்குவது தெரிந்தது. பிந்திய ஆய்வில், எளிதில் மாட்டும் வம்சத்து ஆண்களே கூட்டை நன்றாகக் காப்பதும், அதிகக் குஞ்சுகளைக் கரைசேர்ப்பதும் தெரியவந்தது.

ஒன்ராறியோ சட்டம் என்ன சொல்கிறது?

ஒரு மீனைப் பிடிக்க அனுமதி உள்ள நாட்களைத்தான் பருவம் என்கிறோம். பருவம் மூடியிருக்கும்போது, விட்டுவிடும் எண்ணத்தோடுகூட அந்த மீனைப் பிடிக்க முயல்வது குற்றம். “நான் வைத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டேன்” என்பது அங்கே பதிலாகாது. மீன்பிடி விதிகளுக்காக மாகாணம் எண்ணிட்ட வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தென்பகுதியின் பெரும்பாலான வலயங்களில் பாஸ் பருவம் ஜூன் பிற்பாதியில் ஒரு சனிக்கிழமை திறக்கும். எந்தச் சனிக்கிழமை என்பது வலயத்துக்கு வலயம் மாறும். ஆண்டுக்கு ஆண்டும் திருத்தம் வரும். சிம்கோ ஏரி 16-ஆம் வலயம், ரைஸ் ஏரி 17, ஒன்ராறியோ ஏரி 20. சில இடங்களில் வசந்தத் தொடக்கத்தில், முட்டையிடலுக்கு முன், பிடித்து விடுவதற்கு மட்டும் தனி அனுமதி உண்டு. அது மே மாதத்தில் முடிந்துவிடும். போகும் முன் மாகாண அரசின் அந்த ஆண்டுச் சட்டச் சுருக்கத்தில் வலய எண்ணைப் பாருங்கள். அதற்குக் கீழே குறிப்பிட்ட நீர்நிலைகளுக்கான விதிவிலக்குகளும் இருக்கும், அவற்றையும் விடாமல் பாருங்கள். ஒரு குடா முழுவதும் மீன் சரணாலயமாக மூடப்பட்டிருக்கலாம். அங்கே எந்த மீனுக்கும் தூண்டில் போடக்கூடாது.

நண்பர் சொன்ன தேதியை நம்பிப் போகாதீர்கள். அவர் சொன்னது போன ஆண்டுக் கணக்காகவோ வேறு வலயத்துக் கணக்காகவோ இருக்கும்.

மிச்சிகனில் ஆண்டு முழுவதும் அனுமதிக்கிறார்களே? அங்கே மீன் அழிந்துவிட்டதா?

இல்லை. 2015 முதல் மிச்சிகனில் பாஸைப் பிடித்து உடனே விடுவது ஆண்டு முழுக்கச் சட்டபூர்வம். வைத்துக்கொள்ளும் பருவம் மட்டும் பிந்தித் திறக்கும். நியூயோர்க் மாநிலமும் வசந்தகாலத்தில் பிடித்து விடுவதை அனுமதித்தது. அதற்கு முன்னும் பின்னும் சில ஏரிகளில் இளம் மீன்களின் வரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது வீழ்ச்சி எதுவும் தெரியவில்லை. இதை மறைப்பது நேர்மையல்ல.

ஒரு கூடு அழிவதும் ஏரியின் மொத்த மீன்வளம் குறைவதும் வேறு வேறு விஷயங்கள். பல ஏரிகளில் வெற்றி பெற்ற கூடுகளில் ஒரு சிறு பங்கே அடுத்த தலைமுறையின் பெரும்பகுதியைத் தந்துவிடும். குஞ்சு குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு இரை கூடுதலாகக் கிடைத்து அவை நன்றாகப் பிழைக்கும். பெரிய ஏரி, கலங்கல் தண்ணீர், ஆழத்தில் கூடு, குறைவான தூண்டில்காரர்கள் என்றால் பெரும்பாலான கூடுகளை யாரும் தொடவே மாட்டார்கள். சின்ன ஏரி, தெளிந்த தண்ணீர், ஒரு மீற்றர் ஆழத்தில் கூடு, நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரம் என்றால் கணக்கு மாறும். கிழக்கு ஒன்ராறியோவின் ஒப்பினிக்கன் ஏரியில், குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையத்தை மையமாக வைத்துப் பல ஆண்டுகளாகக் கூடு கூடாக எண்ணிப் பார்த்த ஆய்வுகள், தூண்டிலில் மாட்டிய ஆண்களின் கூடுகள் மிக அதிகமாகத் தோற்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

மிச்சிகனைப் போல் புளோரிடாவையும் உதாரணம் காட்டினால் அது பொருந்தாது. அங்கே முட்டையிடல் குளிர்காலத்தில் தொடங்கி மாதக்கணக்கில் நீளும். குஞ்சு வளர நீண்ட வெப்பகாலம் உண்டு. அங்கே இழந்ததை ஈடுகட்டும் அவகாசம் நம் ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகளில் கிடையாது.

எங்கள் நிலைப்பாடு: சட்டம் அனுமதிக்கும் இடத்திலும், கூட்டில் நிற்பதாகக் கண்ணால் கண்ட பாஸுக்குத் தூண்டில் போடாதீர்கள். ஏரி தாங்கிக்கொள்ளலாம். ஆனால் குஞ்சைக் காப்பதற்காகக் கடிக்கும் ஒரு மீனை அந்தக் குணத்தை வைத்தே மாட்டுவதற்கு ஒரு புகைப்படம் போதுமான காரணம் அல்ல.

சினை நிறைந்த பெண் மீனைப் பிடிப்பது?

முட்டையிடலுக்கு முந்திய வாரங்களில் மாட்டும் மிகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண்கள்தான். உடனே விட்டால் பெரும்பாலும் தேறிவிடும். நெடுநேரம் தொட்டியில் அடைத்து, எடை போட்டு, வேறிடத்தில் விட்டால் அந்த அதிர்ச்சி முட்டையிடலைப் பாதிக்கும். வயிறு பெருத்த மீனை வாயில் பிடித்துக் கிடையாகத் தூக்காதீர்கள். முழு எடையும் தாடையில் விழும். ஒரு கை வயிற்றுக்கு அடியில் இருக்கட்டும்.

கூடு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போலராய்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று பாருங்கள். சுற்றியுள்ள தரை கறுத்திருக்க, வெளிர் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தால் அது கூடாக இருக்கலாம். லார்ஜ்மவுத் கூட்டில் சில நேரம் வெறும் வேர்கள் தெரியும். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள மீனைக் கவனியுங்கள். நிழல் விழுந்ததும் ஓடி, ஒரு நிமிடத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்பினால் காவலில் இருக்கிறது. இரை தேடும் மீன் ஓடினால் திரும்பாது. கையளவு வட்டங்கள் நெருக்கமாக, தேன்கூடு மாதிரி வரிசையாக இருந்தால் அவை சன்ஃபிஷ் கூடுகள்.

வேறு மீனுக்குப் போட்டேன், பாஸ் மாட்டிவிட்டது. என்ன செய்வது?

வேகம்தான் முக்கியம். மெதுவாக விளையாடாமல் நேரே இழுத்து வாருங்கள். இதற்காகவே மெல்லிய தங்கூசியை (தூண்டில் நரம்பை) தவிர்த்து 10 முதல் 15 பவுண்ட் தாங்கும் தங்கூசி போடுவது நல்லது. மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமல், நீண்ட மூக்குக் குறடால் முள்ளின் வளைவைப் பிடித்து, ஏறிய திசைக்கு எதிராகத் திருப்பினால் கழன்றுவிடும். புறப்படும் முன்பே முள்ளின் பின்கூரைக் குறடால் நசுக்கி வைத்திருந்தால் இரண்டு வினாடி வேலை. மூன்று கூர் முள்ளை எடுத்துவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள்.

தொண்டைக்குள் இறங்கியிருந்தால் நோண்டாதீர்கள். முள்ளுக்கு நெருக்கமாகத் தங்கூசியை வெட்டி விட்டுவிடுங்கள். மண்புழுவை விழுங்க விட்டுக் காத்திருப்பதுதான் இதற்குக் காரணம். தக்கை அமிழ்ந்ததும் இழுத்தால் பெரும்பாலும் உதட்டிலேயே மாட்டும்.

புகைப்படம், அளவுகோல், எடை எதுவும் வேண்டாம். வெளியே எடுத்தே ஆகவேண்டுமென்றால் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம். பிடித்த இடத்திலேயே விடுங்கள். படகு காற்றில் நகர்ந்திருந்தால் திரும்பிப் போய் விடுங்கள். வாளியிலோ படகுத் தொட்டியிலோ போட்டால் சட்டப்படி அது உங்கள் கைவசம் இருக்கும் மீன். பிறகு அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டாவது பாஸும் மாட்டினால் நீங்கள் நிற்பது கூடுகளின் நடுவே.

அப்படியானால் மே, ஜூனில் என்னதான் பிடிப்பது?

நிறைய இருக்கிறது. பிக்கரல் என்று நம்மவர்கள் சொல்லும் வால்ஐ, தென்பகுதியின் பல வலயங்களில் மே நடுவில் திறக்கும். ரைஸ் ஏரி கிரப்பி மீனுக்குப் பேர்போனது. சனல் கட்ஃபிஷ், கார்ப் இரண்டும் பெரும்பாலான இடங்களில் எப்போதும் பிடிக்கலாம். குழம்புக்கு இவை பாஸைவிட மோசமில்லை.

இடத்தையும் இரையையும் மாற்றினால்தான் பாஸைத் தவிர்க்க முடியும். நான்கு மீற்றருக்கு மேல் ஆழம் பாருங்கள். படகுத்துறை, நாணல் ஓரம், ஆழமில்லாச் சரளைத் தரை வேண்டாம். கரையோரம் ரப்பர் புழு வீசிக்கொண்டே “பைக் மீனுக்குப் போடுகிறேன்” என்று சொன்னால் எந்த அதிகாரியும் நம்பமாட்டார். சன்ஃபிஷ்ஷும் ஆண் காவல் காக்கும் இனம்தான் என்பதை மறக்க வேண்டாம். அவற்றின் கூட்டத்தில் பெரிய ஆண்களையே பொறுக்கி எடுத்தால், சில ஆண்டுகளில் அந்த ஏரியில் விரலளவு மீன்தான் மிஞ்சும்.

தூண்டிலே போடவில்லை, படகில் போகிறேன். அதிலும் கவனிக்க வேண்டுமா?

வேண்டும். ஆழமில்லா இடத்தில் இயந்திர விசிறி கிளப்பும் சேறு முட்டைமேல் படியும். கூட்டின்மேல் நங்கூரம் போட்டால் சொல்லவே வேண்டாம். ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான விதி. மே, ஜூனில் அதற்கும் குறைவாகப் போங்கள். நீருக்குள் இறங்கி நடப்பவர்கள் வெளிர் வட்டங்களைச் சுற்றிப் போங்கள்.

பருவம் திறந்துவிட்டது, ஆனால் ஆண் இன்னும் காவலில் நிற்கிறதே?

குளிர் நீண்ட ஆண்டுகளில் இது சாதாரணம், முக்கியமாக வடக்கு ஏரிகளின் ஸ்மால்மவுத்துக்கு. சட்டப்படி பிடிக்கலாம். கறுப்பு அல்லது வெளிர்பச்சைக் குஞ்சுக் கூட்டமும் அதனடியில் ஒரு பெரிய மீனும் தெரிந்தால் விட்டுவிட்டு ஆழமான பக்கம் போங்கள். வேலை முடிந்த ஆண்களும் முட்டையிட்டுத் தேறிய பெண்களும் அங்கே பசியோடு இரை தேடும். சாப்பிட எடுப்பதாக இருந்தால் ஜூலைக்குப் பிறகு, நடுத்தர அளவில் எடுங்கள். பெரிய மீனில் பாதரசமும் அதிகம், அது திரும்ப வளரவும் பல ஆண்டு ஆகும்.

நம் ஊர் விராலுக்கும் இது பொருந்துமா?

அப்படியே பொருந்தும். விரால் பாசியை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும், முட்டை மிதக்கும். பொரிந்த செந்நிறக் குஞ்சுகள் நீர்மட்டத்தில் மொய்க்கும்போது அடியில் தாய் தந்தை காவல் நிற்கும். அந்தக் குஞ்சுக் கூட்டத்தின்மேல் தவளை இரையை வீசினால் விரால் பாய்ந்து கடிக்கும் என்பது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தூண்டில் போடுபவர்களுக்குத் தெரிந்த வித்தை. அந்த விராலை எடுத்துவிட்டால் கொக்கும் மற்ற மீன்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருப்பதும் கடல்மீன் பெருகட்டும் என்றுதான். குளத்துக்கும் கம்மாய்க்கும் அப்படிப்பட்ட நாட்கணக்கு பெரும்பாலும் இல்லாததால், குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் கோலை மடக்குவது தூண்டில்காரரின் பொறுப்பாகிறது.

மூடிய பருவத்தில் ஒருவர் கூடு கூடாகப் பிடிப்பதைக் கண்டால்?

முதலில் பேசிப் பாருங்கள். புதிதாக வந்தவர்கள் பலருக்கு, விட்டுவிட்டாலும் குற்றம் என்பதே தெரியாது. “அண்ணா, பாஸுக்கு இன்னும் பருவம் திறக்கல, பிடிச்சு விட்டாலும் ஃபைன் போடுவாங்க” என்று சொன்னால் பெரும்பாலானோர் கேட்டுக்கொள்வார்கள். கேட்காதவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நேரம், இடம், படகு எண், வாகன எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, சட்டச் சுருக்கக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் மாகாண இயற்கைவளத் துறையின் புகார் எண்ணுக்கு அழையுங்கள். அவர் அங்கே இருக்கும்போதே அழைத்தால் அதிகாரி வந்து பார்க்க வாய்ப்பு அதிகம்.